நாற்பதாவது அடுப்பு

போன வாரம் நாம் விடைபெறும்போது கத்தரீனா டீச்சரின் கையில் ஒரு கடிதம் இருந்தது. நகர சபையிலிருந்து வந்த சிவப்பு எழுத்துக் கடிதம். வீட்டின் மேல்மாடி அனுமதியில்லாமல் கட்டப்பட்டிருக்கிறது, முப்பது நாட்களுக்குள் அகற்ற வேண்டும் என்று மூன்று மொழியிலும் எழுதியிருந்தது. அந்த மேல்மாடியில்தான் இளைய மகன் கிறிஸ்ரியும் அவன் மனைவி நிலூஷாவும் குடியிருக்கிறார்கள்.

டீச்சர் அழுவார் என்று எதிர்பார்த்தவர்களுக்கு ஏமாற்றம்தான். முப்பத்திரண்டு வருடம் வகுப்பறையில் நின்றவர் அவர். கடிதத்தை நான்காக மடித்து பைபிளுக்குள் வைத்தார். எடுக்க வேண்டிய நாள் வரும்வரை அதைத் தொடவில்லை. அந்த நாள் இந்த வெள்ளிக்கிழமை.

காலைப் பூசை முடிந்து வீட்டுக்குள் கால் வைத்ததும் டீச்சருக்குத் தும்மல் வந்தது. ஒன்றல்ல, மூன்று.

"தூசி," என்றார், யாரும் கேட்காமலே.

மாடிப்படியில் இறங்கி வந்துகொண்டிருந்த நிலூஷா தயங்கி நின்றாள். கீழிருந்து மூன்றாவது படி அவள் காலின் கீழ் கிறீச்சிட்டது. "இப்பவே கூட்டிடுறேன் அத்தை," என்று துடைப்பத்தை எடுத்தாள். கலஹாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்த பெண், மூன்று வருடமாக இந்த வீட்டு மருமகள். டீச்சர் பூசையிலிருந்து வந்து தும்முவதும், அவள் துடைப்பம் எடுப்பதும் இரண்டு வருடமாக நடந்து வருகிறது. இத்தனை கூட்டியும் அந்தத் தூசி மட்டும் போகவில்லை.

மகள் ஜெஸ்மின் கைப்பையோடு தயாராக நின்றாள். நில அளவையாளர் ஒருவரிடம் வரைபடம் வரைகிறவள். கோடு எங்கே முடியும் என்று தெரியாமல் பென்சிலை எடுக்கமாட்டாள்.

"அம்மா, சபையில போய் என்ன சொல்லப் போறீங்கன்னு முதல்ல என்கிட்ட சொல்லுங்க."

"உண்மையைச் சொல்லப் போறேன்."

"அன்னைக்கே சொல்லியிருக்கலாம்," என்றாள் ஜெஸ்மின்.

டீச்சர் பைபிளுக்குள்ளிருந்து கடிதத்தை எடுத்துக் கைப்பையில் வைத்தார்.

நடந்தது இதுதான். கட்டுகஸ்தோட்டை வீதியிலிருந்து மலைப்பக்கமாக ஏறுகிறது லில்லி லேன். முகப்பில் நின்று எண்ணினால் பத்தொன்பது வீடுகள். உள்ளே போனால் கணக்கு மாறும். ஒரு காணியில் ஒரு வீடு, ஆறு பேர்ச்சஸுக்குக் குறைந்த காணிக்குப் பிளான் பாஸாகாது என்பது சட்டம். பிள்ளைகள் சட்டத்தைக் கேட்டுக்கொண்டா வளர்கிறார்கள்? வளர்ந்தார்கள், கல்யாணம் செய்தார்கள், பின்பக்கம் ஓர் அறை இறக்கினார்கள், மேலே தகரம் போட்டார்கள். டவுனுக்குள் வேறு காணி வாங்குவது இவர்களில் யாருக்கும் நடக்கிற காரியமில்லை. மலையை விட்டு இறங்கவும் முடியாது. வேலை, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி எல்லாம் இங்கேதான் இருக்கின்றன.

சபை ஆட்கள் பார்க்க வரும் நாளில் மறைப்பதற்கு ஒரு முறை இருந்தது. அதை ஏற்படுத்தியவரே டீச்சர்தான். ஓய்வுபெற்றபோது பள்ளிக்கூடம் கொடுத்த பித்தளைக் கைமணி அவரிடம் இருந்தது. ஒரு தரம் அடித்தால் லேன் சங்கத்தின் கூட்டம். மூன்று தரம் அடித்தால் ஆள் வருகிறது என்று அர்த்தம். பத்து நிமிடத்தில் இரண்டாவது வாசலுக்கு முன்னால் அலுமாரி நகரும், கேஸ் குக்கர் அடுப்பு கட்டிலுக்கு அடியில் போகும், அண்ணன் தம்பி குடும்பமெல்லாம் ஒரே மேசையைச் சுற்றி உட்கார்ந்து "நாங்க ஒரே குடும்பம் சேர்" என்று சிரிக்கும். பதினோரு வருடத்தில் ஓர் அடுப்புக்கூடப் பிடிபடவில்லை. டீச்சருக்கு உள்ளுக்குள் அதில் கொஞ்சம் பெருமை.

மூன்று கிழமைக்கு முன்னால் அந்தப் பெருமைதான் காலை வாரிவிட்டது. நகரத்துக்குப் புதிய வலயத் திட்டம் ஒன்று வரைந்திருந்தார்கள். ஒரே லேனில் நாற்பது குடும்பம் ஏற்கனவே நெருங்கி வாழ்ந்தால் அந்த லேன் புதிய வலயத்துக்குள் வரும். அங்கே மூன்று பேர்ச்சஸ் காணிக்கும் பிளான் பாஸாகும், ஒரு காணியில் இரண்டு மூன்று வீடுகள் இருக்கலாம், கட்டியிருக்கிற மேல்மாடி உறுதியாக இருந்தால் அனுமதி கிடைக்கும். குடும்பங்களை எண்ண ஆள் வருவார்கள், இது நல்லதுக்குத்தான், மணி அடிக்க வேண்டாம் என்று ஜெஸ்மின் முதல்நாளே சொல்லியிருந்தாள்.

நல்லதுக்கு என்று சொல்லிக்கொண்டு வந்த எத்தனை பேரை டீச்சர் பார்த்திருக்கிறார்! மூன்று தரம் மணி அடித்தார். லேன் முழுவதும் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரே குடும்பமாகச் சிரித்தது. பத்தொன்பது என்று எழுதிக்கொண்டு போனார்கள். லில்லி லேன் வலயத்துக்கு வெளியே நின்றது. பின்னாலேயே முதல் சிவப்புக் கடிதம் டீச்சர் வீட்டுக்கு வந்தது.

மாற்றம் கேட்டு எழுதிக்கொடுக்க இன்றுதான் கடைசி நாள்.

சபையில் திட்டமிடல் பகுதியில் இருந்த உத்தியோகத்தர் முஸ்அப், மடவளைக்காரர், முப்பத்தைந்து வயது இருக்கும். அன்று எண்ண வந்தவரும் அவரே. டீச்சரைக் கண்டதும் எழுந்து கதிரையை இழுத்துப் போட்டார்.

"இரிங்க டீச்சர். அண்டைக்கி ஒங்கட ஊட்லதான் நல்ல பிளேன்டீ குடிச்ச."

"அன்னைக்கு உங்களுக்குப் பொய் சொன்னோம் தம்பி. அதைச் சொல்லத்தான் வந்தேன்," என்றார் டீச்சர். சுற்றி வளைக்கவில்லை. "லேன்ல பத்தொன்பது குடும்பம் இல்ல. நாற்பதுக்கு மேல இருக்கு."

முஸ்அப் சிரித்துவிட்டார். "எனக்கும் டவுட்தான். ஒரு ஊட்டு வாசல்ல பதினாறு சோடி செருப்பு ஈந்திச்சி. கேட்டத்துக்குக் கலியாண ஊடு எண்டு சொன்னாங்க. பொண்ணும் இல்ல, மாப்பிளயும் இல்ல."

டீச்சருக்கே சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டார். "நல்லம்மா வீடு. அவளுக்கு வாய் கொஞ்சம் நீளம்."

"கணக்கை மாத்தலாமா?" என்று கேட்டாள் ஜெஸ்மின்.

"மாத்தலாம். ஒரே ஒலையில சமைச்சிச் சாப்பிடுறவங்க ஒரு குடும்பம், அதுதான் எங்கட கணக்கு. வெறும் வாய்ப்பேச்சில எழுத ஏலாது. நான் வந்து பாக்கோணும், அடுப்பு எரியோணும். ஜும்ஆத் தொழுகை முடிஞ்சி மூணு மணிக்கு வாறேன்." பேனையைக் கீழே வைத்தார். "ஒண்டு மட்டும் மறைக்காம சொல்றேன் டீச்சர். அடுப்பைக் காட்டிக் கையெழுத்து வச்சா, அனுமதியில்லாம கட்டின எண்டு நீங்களே ஒத்துக்கொண்ட மாதிரி. வலயம் பாஸானா எல்லாத்துக்கும் வழி ஈக்கிது. பாஸாகாட்டி அந்தக் கையெழுத்தே ஒங்களுக்கு எதிரா நிக்கும்."

"பாஸாகும்," என்றார் டீச்சர்.

"எப்படி இவ்வளவு உறுதியா சொல்றீங்க?"

"நாற்பது குடும்பத்தை மலையிலருந்து இறக்கினா எங்க கொண்டுபோய் வைப்பீங்க? அதுக்கு உங்ககிட்ட பதில் இல்ல. எங்ககிட்ட இருக்கு."

முஸ்அப் தலையை ஆட்டிக்கொண்டே பெயரை எழுதினார்.

பன்னிரண்டு மணிக்கு லேன் நடுவில் தண்ணீர் டாங்கிக்குப் பக்கத்தில் நின்று டீச்சர் மணியை ஒரு தரம் அடித்தார். வீட்டிலிருந்த எல்லோரும் வந்தார்கள். வேலைக்குப் போனவர்களுக்குப் போன் பறந்தது. டீச்சர் விஷயத்தைச் சொன்னார், முஸ்அப் சொன்ன எச்சரிக்கையையும் சேர்த்துத்தான். சொல்லி முடித்ததும் ஒரு முணுமுணுப்பு எழுந்தது, அதற்குள்ளிருந்து நான்காம் வீட்டு நல்லம்மா வந்தாள். அந்தப் பதினாறு சோடி செருப்புக்காரி.

"மறைக்கச் சொன்னீங்க, மறைச்சோம். இப்போ காட்டச் சொல்றீங்க. இது சரிவராமப் போனா எங்க எல்லாருக்கும் சிவப்புக் கடிதம் வரும். இல்லையா டீச்சர்?"

"வரும்."

"உங்களுக்கு ஒண்ணு வந்ததால எங்களையும் இழுக்கிறீங்களோன்னு நாலு பேர் பேசுறாங்க."

அந்த நாலு பேரும் நல்லம்மாதான் என்பது எல்லோருக்கும் தெரியும். கேள்வி நியாயமானது என்பது டீச்சருக்குத் தெரிந்தது.

"எனக்கு முதல்ல வந்துச்சு, அவ்வளவுதான். வலயத்துக்கு வெளியில நின்னா இன்னைக்கு இல்லாட்டி அடுத்த வருஷம் உனக்கும் வரும்." அடுத்ததைச் சொல்வது அவருக்குக் கஷ்டமாக இருந்தது. "மூணு கிழமைக்கு முன்னால நான் மணி அடிச்சது பிழை. ஜெஸ்மின் சொன்னா, நான் கேக்கல. நான் கேட்டிருந்தா இன்னைக்கு இந்தக் கூட்டமே தேவையில்ல. அது என் பிழை."

கத்தரீனா டீச்சர் வாயிலிருந்து இப்படி ஒரு வார்த்தை வந்ததை லேன் அதுவரை கேட்டதில்லை. நல்லம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"சரி, எழுது பிள்ள. எங்க வீட்டுல மூணு."

ஜெஸ்மின் கொப்பியைத் திறந்தாள். ஒவ்வொருவராக வந்து சொன்னார்கள். ரெண்டு. மூணு. ரெண்டு. எங்களுக்கு ஒண்ணுதான். பதினோரு வருடம் கட்டிலுக்கு அடியில் கிடந்த உண்மைகள் வெயிலுக்கு வந்தன, சொன்னவர்கள் முகத்தில் ஒரு விதமான லேசு தெரிந்தது. முடிவில் ஒரு வரி மட்டும் மிச்சமிருந்தது.

"உங்க வீட்டுக்கு எத்தனைன்னு போடுறது டீச்சர்?" என்றாள் நல்லம்மா.

டீச்சர் மணியின் நாக்கை விரலால் பிடித்துக்கொண்டிருந்தார்.

"ஒண்ணு," என்றார்.

கூட்டத்தின் பின்னால் நின்ற நிலூஷா குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்தாள், அது சரியாகத்தான் இருந்தது. ஜெஸ்மின் ஒன்று என்று எழுதினாள், மேலிருந்து கீழே கூட்டினாள், மறுபடி கூட்டினாள்.

"அம்மா, முப்பத்தொன்பது."

"இன்னொரு தரம் பாரு."

"மூணு தரம் பார்த்துட்டேன்."

மத்தியானச் சாப்பாடு வழமைபோல டீச்சர் வீட்டு மேசையில் நடந்தது. வெள்ளிக்கிழமை என்பதால் பருப்பும் கீரையும். நிலூஷா நான்கு பிடி சோற்றைத் தட்டில் போட்டுக்கொண்டு அதையும் சுற்றிச் சுற்றிப் பிசைந்தாள். தினமும் அப்படித்தான். முதலில் டீச்சர் அவளுக்குத் தன் சமையல் பிடிக்கவில்லை என்று நினைத்தார். பிறகு ஒருநாள் விளங்கிவிட்டது, அவள் பசியாறிவிட்டுத்தான் வருகிறாள். தன் மனம் நோகக்கூடாது என்று இரண்டாம் தரம் சாப்பிடுகிறாள்.

ஆமாம், டீச்சருக்குத் தெரியும். இரண்டு வருடமாகத் தெரியும். மிளகாய் வறுக்கிற நெடிக்கும் தூசிக்கும் வித்தியாசம் தெரியாத மூக்கா அது? தெரிந்தும் தெரியாதவராக இருந்தார். கேட்டுவிட்டால் அவள் ஆமாம் என்பாள். ஆமாம் என்றால் இந்த வீட்டில் இரண்டு அடுப்பு. இரண்டு அடுப்பு என்றால் என்ன ஆகும் என்பதை அவர் ஒரு தரம் பார்த்திருக்கிறார்.

மூத்தவன் றஜீவ் கல்யாணமான புதிதில் அவன் மனைவி சர்மிளா மேலே ஒரு குக்கர் வைத்துக்கொள்ளட்டுமா என்று மரியாதையாகத்தான் கேட்டாள். 'இந்த வீட்டுல ஒரே அடுப்புதான். இன்னொரு அடுப்பு வேணும்னா இன்னொரு வீடு பாருங்க' என்றார் டீச்சர். கோபத்தில் சொன்னது. அவர்கள் அடுத்த வாரமே வத்தேகமவுக்குப் போய்விட்டார்கள். ஆறு வருடமாயிற்று. நத்தார்ப் பண்டிகைக்கு ஒரு வாழ்த்துச் செய்தி வரும், அவ்வளவுதான். அந்த ஒரு வாக்கியத்தைத் திருப்பி வாங்க முடியுமென்றால் டீச்சர் எதை வேண்டுமானாலும் கொடுத்திருப்பார்.

"அத்தை," என்றாள் நிலூஷா. "உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."

"சாப்பிடும்போது பேசாத. புரைக்கேறும்."

நிலூஷா மறுபடி சோற்றைப் பிசைந்தாள். ஜெஸ்மின் அம்மாவையும் அண்ணியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுத் தட்டைக் கழுவப் போனாள்.

மூன்றடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது முஸ்அப் கோப்பும் கையுமாக லேன் முனையில் வந்து நின்றார். டீச்சர் மணியை மூன்று தரம் அடித்தார்.

பழக்கம் பொல்லாதது. இரண்டு வீட்டில் அலுமாரி நகரத் தொடங்கிவிட்டது. "நல்லம்மா, அதைத் தள்ளாத, இழு!" என்று டீச்சர் சத்தம் போட வேண்டியதாயிற்று. பிறகு எல்லாம் சரியாக நடந்தது. அலுமாரிகள் விலகின, வாசல்கள் தெரிந்தன. கட்டிலுக்கு அடியிலிருந்து குக்கர்கள் வந்தன, மண்ணெண்ணெய் அடுப்பு வந்தது, பின்பக்கத்துச் சாய்ப்புகளில் விறகு புகைந்தது. லேன் முழுவதும் சீரகமும் ரம்பை இலையும் தேங்காய்ப்பாலும் மணத்தது. முஸ்அப் வாசல் வாசலாக ஏறி இறங்கினார், உலையை எட்டிப் பார்த்தார், எழுதினார், கையெழுத்து வாங்கினார். ஏழு வீட்டில் பிளேன்டீ குடித்தார். நல்லம்மா வீட்டில் மூன்று அடுப்பையும் எண்ணிவிட்டு, "மாப்பிள எங்க?" என்று கேட்டார். நல்லம்மா வெட்கப்பட்டதை அன்றுதான் லேன் கண்டது.

கடைசியாக டீச்சர் வீட்டுக்கு வந்தார்கள். டீச்சரின் அடுப்பில் கஞ்சி கொதித்துக்கொண்டிருந்தது. முஸ்அப் ஒரு கோடு போட்டார், பக்கத்தைப் புரட்டிக் கூட்டினார். முகம் வாடிவிட்டது.

"முப்பத்தொம்பது. ஒண்டு கொறயிது டீச்சர்."

"ஒண்ணுதானே சேர்," என்றாள் வாசலில் நின்ற நல்லம்மா.

"ஒண்டு எண்டாலும் எழுத ஏலாதே. நாளைக்கி மேலதிகாரி வந்து எண்ணினா நானும் பொய் சொன்ன ஆளா போயிருவேன்."

வாசலில் லேன் முழுக்கக் கூடி நின்றது. எல்லோருக்கும் தெரிந்த ஒன்றை யாரும் சொல்லவில்லை. டீச்சர் ஒண்ணு என்று சொன்ன பிறகு இரண்டு என்று சொல்ல லேனில் யாருக்கும் மனம் வரவில்லை. நிலூஷா மாடிப்படிக்குப் பக்கத்தில் சுவரோடு சுவராக நின்றாள். கண் நிறைந்திருந்தது.

டீச்சர் அவளைப் பார்த்தார். முப்பத்தெட்டு குடும்பம் தன் பேச்சை நம்பி அடுப்பை வெளியே எடுத்து வைத்திருக்கிறது, கையெழுத்தும் வைத்துவிட்டது. தான் மட்டும் ஒன்றை ஒளித்து வைத்துக்கொண்டு நிற்கிறார். அதுவும் தன்னுடையதல்ல, இந்தப் பிள்ளையுடையது.

"மேல வாங்க தம்பி," என்றார். "நாற்பதாவது மேல இருக்கு."

நிலூஷா திடுக்கிட்டு நிமிர்ந்தாள். "அத்தை..."

"எவ்வளவு காலமா?" என்றார் முஸ்அப், கேட்க வேண்டியதைக் கேட்டுத்தானே ஆக வேண்டும்.

"ரெண்டு வருஷம். முதல்ல என் மகனுக்குச் சோத்துப் பார்சல் கட்டத்தான் ஆரம்பிச்சா. அவன் ஆறு மணிக்குப் போறவன், நான் பூசையில இருப்பேன். பிறகு காலைக்கும் ரொட்டி, கட்டச்சம்பல். மிளகாயைக் கொஞ்சம் கூடவே வறுக்கிறா. எனக்குத் தினமும் தும்மல்."

ஜெஸ்மின் வாயைப் பிளந்துகொண்டு நின்றாள். அண்ணியின் ரகசியத்தைத் தான்தான் காப்பாற்றுவதாக அவள் இரண்டு வருடமாக நினைத்திருந்தாள்.

முஸ்அப் ஏறும்போது மூன்றாவது படி கிறீச்சிட்டது. "பயப்படாதீங்க, உடையாது," என்றார் டீச்சர். "எங்க வீட்டுக்காரர் வில்பிரட் செஞ்ச படி. மாடியும் அவர் கட்டினதுதான், பையன்கள் ரெண்டு பேரும் படிக்க. இந்தப் படி சத்தம் போடுறதால மூத்தவன் மட்டும் அதை மிதிக்கவே மாட்டான். ரெண்டிலருந்து நாலுக்குத் தாவிடுவான், பிந்தி வந்தா எனக்குக் கேட்கக்கூடாதுன்னு." சொல்லிவிட்டு, ஏன் சொன்னோம் என்று அவருக்கே ஒரு மாதிரியாகிவிட்டது.

மேலே தையல் மெஷினுக்குப் பின்னால் டீவி வந்த மட்டைப்பெட்டி ஒன்று இருந்தது. நிலூஷா மட்டையைத் திறந்தாள். உள்ளே ஒற்றை பர்னர் குக்கர், துடைத்துத் துடைத்துப் பளபளவென்று இருந்தது. வெளியே எடுத்துவைத்துவிட்டு நெருப்புக்குச்சியைக் கிழித்தாள். அணைந்தது. இன்னொன்று கிழித்தாள். அதுவும் அணைந்தது.

டீச்சர் நெருப்புப்பெட்டியை வாங்கி ஒரே கிழியில் பற்றவைத்தார்.

"ஜெஸ்மின், கீழ போய்ப் பால் எடுத்துட்டு வா. புதுப் பானை அலுமாரியில மேல்தட்டுல இருக்கு."

"பாலா? எதுக்கும்மா?"

"புது வீட்டுல முதல்ல பால் பொங்க வேணாமா? ரெண்டு வருஷம் பிந்திப் போச்சு, இனியும் பிந்த வேணாம்." முஸ்அப் பக்கம் திரும்பினார். "அவசரமா தம்பி?"

"உம்மா எங்களுக்கும் ஊடு குடி போகக்குள்ள பால் காய்ச்சின. பொங்கட்டும் டீச்சர், நான் நிக்கிறேன்."

பால் பொங்கி நாலா பக்கமும் வழிந்தது. நல்லம்மா குலவை போடப் போய் பிறகு கிறிஸ்தவ வீடு என்று நினைத்து நிறுத்தினாள். "போடு போடு, மருமகள் குலவை கேட்டு வளர்ந்த கலஹாக்காரிதானே," என்றார் டீச்சர். நல்லம்மா போட்ட குலவை கட்டுகஸ்தோட்டைப் பாலம் வரை கேட்டிருக்கும். நிலூஷா அழுதுகொண்டே சிரித்தாள். முஸ்அப் நாற்பது என்று எழுதி அடியில் இரண்டு கோடு போட்டார்.

கோப்பை மூடப்போனவர் ஒரு தாளை எடுத்து நீட்டினார். "இன்னொண்டு ஈக்கிது. ஒவ்வொரு காணிக்கும் உறுதிப் பத்திரத்தில பேர் ஈக்கிற சொந்தக்காரரும் கையெழுத்து வைக்கோணும். திங்கக்கிழமைக்குள்ள. ஒங்கட காணி உறுதி ஆர்ட பேர்ல?"

டீச்சரின் முகத்திலிருந்த சிரிப்பு நின்றது. வில்பிரட் சாகுமுன் காணியை மூத்த மகன் பெயருக்கு எழுதி வைத்திருந்தார், டீச்சர் இருக்கும்வரை இருக்கலாம் என்று.

"மூத்தவன். றஜீவ். வத்தேகமவில இருக்கிறான்."

"நல்லதாப் போச்சி, கிட்டத்தானே," என்றார் முஸ்அப். பாவம், அவருக்கு என்ன தெரியும். வத்தேகம எவ்வளவு தூரம் என்பது டீச்சருக்கல்லவா தெரியும். ஒரு பஸ் ஏறினால் போதும். ஆறு வருடமாக ஏறவில்லை.

சாயங்காலம் ஆறு மணிக்கு நிலூஷா குளித்து, தலையை முடிந்து, கீழே இறங்கி வந்தாள். டீச்சர் முன்விறாந்தையில் கைப்பேசியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். றஜீவின் நம்பரை எடுத்து எடுத்து வைத்துக்கொண்டிருந்தார். என்ன சொல்லித் தொடங்குவது? கையெழுத்து வேண்டும் என்றா? ஆறு வருடத்துக்குப் பிறகு அம்மா போன் எடுப்பது ஒரு கையெழுத்துக்கா?

"அத்தை, எங்க வீட்டுக்குச் சாப்பிட வாங்க," என்றாள் நிலூஷா.

எங்க வீடு. அந்தச் சொல் சுடும் என்று டீச்சர் இரண்டு வருடம் பயந்திருந்தார். சுடவில்லை. எழுந்துபோய் சேலை மாற்றிக்கொண்டார். விருந்துக்குப் போகும்போது வெறுங்கையோடு போகக்கூடாது என்று ஒரு சீப்பு வாழைப்பழமும் எடுத்துக்கொண்டார். பதினாறு படி ஏறுவதற்கு இத்தனை ஆயத்தமா என்று ஜெஸ்மின் சிரித்தாள்.

மேலே கிறிஸ்ரி ஹாட்வெயார் கடை வேலை முடிந்து வந்து மேசை துடைத்துக்கொண்டிருந்தான். அம்மாவைக் கண்டதும் கையில் துணியோடு நின்றான்.

"உட்காருங்கம்மா," என்றான் கடைசியில், வந்தவர்களை உபசரிப்பதுபோல.

டீச்சர் உட்கார்ந்தார். சம்பலின் நெடி மூக்கில் ஏறியது. தும்மினார்.

"தூசி இல்ல," என்றார். நால்வரும் சிரித்தார்கள்.

நிலூஷா தட்டு வைத்தாள். டீச்சருக்கு ஒன்று, கிறிஸ்ரிக்கு ஒன்று, ஜெஸ்மினுக்கு ஒன்று, தனக்கு ஒன்று. பிறகு ஐந்தாவதையும் வைத்தாள்.

"இது யாருக்கு?" என்றார் டீச்சர்.

நிலூஷா கணவனைப் பார்த்தாள். கிறிஸ்ரி ஜன்னலைப் பார்த்தான்.

"பின்னேரம் ஜெஸ்மின் போன் பண்ணி எல்லாம் சொன்னா," என்றான் மெதுவாக. "மாடியில பால் பொங்கினதையும் சொன்னா. நான் அதை இன்னொருத்தருக்குச் சொன்னேன். கையெழுத்தைப் பத்தி ஒண்ணும் சொல்லலம்மா. பால் பொங்கினதை மட்டும்தான் சொன்னேன்."

கீழே முன்கதவு திறக்கிற சத்தம் கேட்டது. டீச்சர் மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். யாரோ செருப்பைக் கழற்றினார்கள். படியில் கால் வைத்தார்கள். ஒன்று. இரண்டு.

மூன்றாவது படி கிறீச்சிடவில்லை. அடுத்த காலடி நான்காவதில் கேட்டது.